தண்ணீர் மேல் ஐந்து வருஷம்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரை. மலருக்காகச் சில இடங்களில் திருத்தி எழுதப்பட்டது.)



நம் சங்கச் செயலாளர் போனில் "என்ன தலைப்புல பேசப் போறே?" என்று கேட்டார். "படகு வாழ்க்கை" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "திண்டுக்கல்லுல எவன்யா படகு வச்சிருக்கான்?" என்றார். நியாயமான கேள்விதான். நம்ம ஊரில் மலை உண்டு, மலை மேல் கோட்டை உண்டு, பூட்டு உண்டு, புகையிலை உண்டு, பிரியாணி உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமானால் எந்தப் பக்கம் போனாலும் நூறு கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். ஆனாலும் சொல்கிறேன், படகில் குடியிருக்கத் திண்டுக்கல்காரனைவிடத் தகுதியானவன் கிடையாது. ஏன் என்று பிறகு வரும்.

நான் 1982-ல் இங்கே பி.எஸ்ஸி. இயற்பியல் முடித்தவன். எங்கள் அப்பாவுக்கு நாகல் நகரில் சிறிய பூட்டுப் பட்டறை. அரமும் கையுமாக வளர்ந்ததால் எனக்கு இன்ஜின் வேலை தானாக வந்தது. கொஞ்ச காலம் மோட்டார் பம்பு ரிப்பேர், அப்புறம் சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளம், கடைசியாக 2009 முதல் 2014 வரை மலேசியாவின் லங்காவித் தீவில் படகுகளுக்கு டீசல் மெக்கானிக். லங்காவி 1987 முதல் வரியில்லாத தீவு. பாய்மரப் படகில் உலகம் சுற்றுகிறவர்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டுவதற்கு முன் அங்கே வந்து தங்கி, ரிப்பேர் பார்த்து, சாமான் ஏற்றிக்கொண்டு போவார்கள். ஊருக்குத் திரும்புகிற ஒரு தம்பதி தங்கள் பழைய 34 அடிப் படகை எனக்கு மலிவாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள். வீட்டு வாடகையை நினைத்துப் பார்த்தேன். வீட்டுக்காரியிடம் கேட்டேன். "அடுப்பு இருக்கா?" என்றாள். இருந்தது. அதிலேயே குடியேறிவிட்டோம்.

34 அடி என்றால் எவ்வளவு என்று கேட்பீர்கள். நீளம் பத்து மீட்டர், அகலம் மூன்றுக்குக் கொஞ்சம் மேல். முன்னால் ஒரு படுக்கை, நடுவில் ஒரு மேசை, ஓரத்தில் ஒரு அடுப்பு, கை பம்பு வைத்த ஒரு கழிப்பறை. அந்தக் கை பம்பைப் பற்றி இந்தச் சபையில் நான் எதுவும் பேசப் போவதில்லை! புருஷன் பெண்டாட்டி சண்டை வந்தால் கோவித்துக்கொண்டு போக இடம் கிடையாது. ஒருத்தர் முன்னால் போய் உட்காரலாம், இன்னொருத்தர் பின்னால் போய் உட்காரலாம். நடுவில் பத்து மீட்டர். சாப்பாட்டு நேரத்துக்குள் சமாதானம் ஆகியே தீர வேண்டும்.

படங்களில் பார்க்கிற மாதிரி, வெள்ளைப் பாயும் நீலக் கடலும் கையில் இளநீருமாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். முக்கால்வாசி நாள் ரிப்பேர்தான். உப்புக்காற்றுக்குத் தெரியாத ஓட்டை இல்லை. ஒயரை அரிக்கும், போல்ட்டை அரிக்கும், பம்பை அரிக்கும்.

சமையல் எப்படி என்று பெண்கள் எல்லோரும் என் மனைவியிடம் கேட்பார்கள். படகு அடுப்பு இரண்டு பக்கமும் அச்சில் தொங்கும். படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு நேராக நிற்கும். அதற்கு மேல் நம்ம பிரஷர் குக்கர். கடலோடிகளுக்கு அதைப் போல நண்பன் இல்லை, மூடி பூட்டிக்கொள்வதால் கவிழ்ந்தாலும் சோறு கொட்டாது, கேஸும் மிச்சம். மிக்ஸி ஓட்டும் அளவுக்குக் கரண்டு கிடையாது. இரண்டு சோலார் தகடு, 12 வோல்ட் பேட்டரி, அவ்வளவுதான். அதனால் ஊரிலிருந்து ஒரு சின்ன அம்மிக்கல் கொண்டுபோனோம். எடை குறைக்க வேண்டும் என்று பல் விளக்கும் பிரஷ்ஷின் காம்பைக்கூட வெட்டுகிற ஆட்கள் நடுவில், கல்லைக் கொண்டுவந்து ஏற்றியவர்கள் நாங்கள்தான். அந்த அம்மிச் சட்னிக்கு அப்புறம் யாரும் எடையைப் பற்றிப் பேசவில்லை.

கேஸ் விஷயம் மட்டும் மாணவர்கள் கவனிக்க வேண்டும். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவு ஜன்னலைத் திறந்து வெளியேற்றலாம். படகு என்பது ஒரு கிண்ணம், கசிந்த வாயு கிண்ணத்தின் அடியில் போய்த் தங்கிக்கொள்ளும். ஒரு பொறி போதும். அதனால் ஒவ்வொரு முறையும் சிலிண்டர் வாயிலேயே மூடிவிட்டு, குழாயில் மீதியிருக்கும் வாயு எரிந்து தீரும் வரை காத்திருப்போம். இடி மின்னல் வந்தால் போன், ரேடியோ எல்லாவற்றையும் தூக்கிப் பேக்கிங் அடுப்புக்குள் வைத்து மூடுவார்கள். சுற்றிலும் உலோகம் இருந்தால் உள்ளே பாதுகாப்பு, ஃபாரடே கூண்டு. நமக்கு இரண்டாம் வருஷம் பாடம் நடத்திய சார் இங்கே சிரிக்கிறார்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். எங்கள் படகில் இரண்டு தொட்டி, மொத்தம் 300 லிட்டர். கரைக்குப் போய்ச் சின்ன ரப்பர் படகில் கேன் கேனாக ஏற்றி வந்து நிரப்ப வேண்டும். வெள்ளைக்காரப் பெண்கள் புதிதாகப் படகுக்கு வந்தால் முதல் மாதம் இதற்குத்தான் அழுவார்கள். என் மனைவி அழவில்லை. ஆத்தூர் அணைத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாமல், வந்த அன்றைக்கு அண்டா, குண்டா, சொம்பு வரை நிரப்பி, அதை அடுத்த தடவை வரும்வரை ஓட்டுகிற வித்தை படித்த திண்டுக்கல் பெண் அவள். பாத்திரத்தைக் கடல் நீரில் கழுவி, கடைசியாக ஒரு சொம்பு நல்ல தண்ணீரில் அலசுவாள். அரிசி கழுவிய தண்ணீர் அடுத்த வேலைக்கு. குளியல் பின்தட்டில், அரை வாளி. எங்கள் 300 லிட்டர் மூன்று வாரம் வந்தது. பக்கத்துப் படகுக்காரர்கள் எங்களிடம் ரகசியமாக இயந்திரம் ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட்டார்கள். இயந்திரம் இல்லை ஐயா, ஊர் அப்படி.

அந்தக் குவா விரிகுடாவில் முப்பது நாற்பது படகுகள் நங்கூரம் போட்டிருக்கும். அதுதான் எங்கள் தெரு. யாருக்கும் முழுப் பெயர் தெரியாது, படகின் பெயரோடு சேர்த்துத்தான் ஆளைச் சொல்வார்கள். நம்ம ஊரில் "பூட்டுக்கடைக்காரர் மகன்" என்று என்னைச் சொல்வதில்லையா, அதே கணக்கு. காலையில் எல்லோரும் வி.எச்.எஃப். ரேடியோவில் ஒரே சானலுக்கு வருவார்கள். வானிலை என்ன, யார் வந்தார்கள், யார் கிளம்புகிறார்கள், யாருக்கு என்ன ஸ்பேர் வேண்டும், யாருக்குக் காய்ச்சல், எல்லாம் அதில். ஒருத்தர் இன்னொருத்தரைக் கூப்பிட்டு வேறு சானலுக்குப் போனால், பாதிப் பேர் பின்னாலேயே போய் ஒட்டுக் கேட்பார்கள். தெருக்குழாயடி மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கச்சான் காலத்தில் அங்கே விடியற்காலை திடீரென்று ஒரு காற்று வரும். சுமத்ரா தீவுப் பக்கமிருந்து வருவதால் அதன் பேரே "சுமத்ரா". ஒரு நிமிஷம் முன்னால் வரை இலை அசையாது, அப்புறம் கூரையைப் பிடுங்குகிற காற்றும் மழையும். 2010-ல் ஒரு நாள் இரவு மூன்று மணி. ஆளில்லாத ஒரு படகு, சொந்தக்காரர் ஊருக்குப் போயிருந்தார், நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நேராக எங்கள் மேல் வந்தது. இருட்டில் பத்து டன் எடை. நானும் மனைவியும் ரப்பர் தடுப்பான்களைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். அப்போது மழைக்குள்ளிருந்து ஒரு சின்னப் படகு வந்தது. அறுபத்தேழு வயது டச்சுக்காரர் ஒருவர், இடுப்பில் உள்ளாடை மட்டும், தலையில் டார்ச். அதுவரை எங்களுக்கும் அவருக்கும் கை அசைக்கிற பழக்கம்தான். அந்தக் காலிப் படகில் தாவி ஏறி இரண்டாவது நங்கூரத்தை இறக்கினார். நாற்பது நிமிஷம் மூன்று பேரும் அந்தப் படகோடு மல்லுக்கட்டினோம். காற்று நின்றது. மனைவி சுக்குக் காபி போட்டாள். பொழுது விடிகிற வரை உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக் கொடுத்தவர், மனைவி இறந்த பிறகு தனியாகக் கிளம்பி ஏழு வருஷமாகக் கடலில் இருக்கிறவர் என்பதெல்லாம் அன்றுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் வாரத்தில் மூன்று நாள் சாப்பாடு எங்களோடுதான். படகு நட்பு இப்படித்தான் இறுகும். ஆறு மாதத்தில் ஆறு வருஷப் பழக்கம் வந்துவிடும். காரணம், எல்லோருக்கும் தெரியும், தை மாசி வந்தால் வாடைக்காற்று நிலைத்து வீசும், மேற்கே போகிறவர்கள் போயே ஆக வேண்டும். போனவர்கள் திரும்பி வருவதில்லை.

2011 தை, மாசியில் அது வேறு மாதிரி ஆனது. செங்கடல் வழியாக ஐரோப்பா போகக் காத்திருந்தவர்கள் நிறையப் பேர். அந்த வருஷம் பிப்ரவரி 22 அன்று, 'குவெஸ்ட்' என்ற படகில் போன நான்கு அமெரிக்கர்களைச் சோமாலியக் கடற்கொள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள். இரண்டு நாள் கழித்து, மூன்று பிள்ளைகளோடு போன ஒரு டென்மார்க் குடும்பத்தின் படகைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் செப்டம்பரில்தான் விடுதலை ஆனார்கள். எங்கள் காலை ரேடியோவில் அன்றைக்கு யாரும் ஸ்பேர் கேட்கவில்லை. வசதியுள்ளவர்கள் படகையே சரக்குக் கப்பலில் ஏற்றி அனுப்ப ஏற்பாடு செய்தார்கள். சிலர் படகை விற்றுவிட்டு விமானம் ஏறினார்கள். பாக்கிப் பேருக்கு ஒரே வழி, தெற்கே மொரீஷியஸ் போய், தென்னாப்பிரிக்காவைச் சுற்றி வீடு சேர்வது. ஒரு வருஷம் கூடுதல். கடலும் முரடு.

டச்சுக்காரர் அந்த வழி என்றார். எனக்கு வேறு ஒரு கவலை. அவரோடு ஒரு தடவை ஃபூக்கெட் வரை இரவுப் பயணம் போயிருந்தேன். கப்பலுக்கு இடப்பக்கம் சிவப்பு விளக்கு, வலப்பக்கம் பச்சை. எதிரே வருவது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இருட்டில் அந்த இரண்டு நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அவர் ஒரு விளக்கைப் பார்த்து நட்சத்திரம் என்றார். அது கப்பல். கண்ணில் புரை. கேட்டதற்கு, "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். ஊருக்குப் போவதற்கே அந்தக் கண்தானே வேண்டும்? ஆபரேஷன் செய்துகொண்டால் சொட்டு மருந்து விட ஆள் இல்லை, தனிப் படகில் குனியக்கூடாது, நிமிரக்கூடாது என்றால் நடக்காது என்பது அவர் வாதம். வாதத்தில் குற்றமில்லை. "எங்க ஊருக்கு வாங்க" என்றாள் என் மனைவி.

அந்த வருஷ விடுமுறையில் அவரையும் கூட்டிக்கொண்டு கோலாலம்பூரிலிருந்து திருச்சி வந்து இறங்கி, காரில் திண்டுக்கல். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை நமக்குப் பக்கத்து வீடு மாதிரி. டாக்டர் வெங்கடசாமி 1976-ல் பதினொரு படுக்கையோடு ஆரம்பித்தது என்று நான் சொன்னதும், ஆச்சரியமாக அந்தக் கட்டடத்தையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார். முதலில் ஒரு கண், சில வாரம் கழித்து இன்னொன்று. இரண்டரை மாதம் எங்கள் வீட்டில் இருந்தார்.

எங்கள் அம்மாவுக்கு அப்போது எண்பது வயது. நாலு வேளையும் சொட்டு மருந்து விடுவது அவர் பொறுப்பு. "தொரை, கண்ணை நல்லா முழிச்சுப் பாருப்பா" என்பார். அவர் டச்சில் ஏதோ பதில் சொல்வார். இரண்டு பேரும் அந்த இரண்டரை மாதமும் இப்படியே பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்து ஒரு தடவைகூட யாரும் மொழிபெயர்க்கச் சொல்லிக் கூப்பிடவில்லை. வந்த மறுநாள் வீட்டுப் பின்கட்டில் வரிசையாக நின்ற டிரம்களையும் குடங்களையும் பார்த்துவிட்டு, "இதுவும் படகுதான்" என்றார். அரை வாளியில் குளித்து முடித்து, மீதித் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினார். அம்மா என்னிடம் வந்து மெதுவாக, "இந்த மனுசன் நம்ம ஊர்ப் பக்கம் எங்கேயாச்சும் இருந்திருக்காராடா?" என்றார்.

கட்டுப் பிரித்துச் சில நாளில், ராத்திரி மொட்டை மாடியில் நின்று மலைக்கோட்டைப் பக்கம் பார்த்தார். ரயில் பாதையில் ஒரு சிக்னல். "சிவப்பு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பச்சை" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. கீழே போய்ப் படுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது எங்கள் அண்ணன் பட்டறையில் ஒரு மாங்காய்ப் பூட்டு செய்து கொடுத்தார். நம்ம பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2019-ல்தான், இது அதற்கெல்லாம் முன்னால். இரும்பில் செய்தால் உப்புக்காற்றில் மூன்று மாதம் தாங்காது என்று முழுக்கப் பித்தளையில் செய்தது.

2012 பிப்ரவரியில் லங்காவியிலிருந்து கிளம்பினார். எங்களையும் கூட வரச் சொன்னார். நம்ம பாஸ்போர்ட்டுக்குத் துறைமுகத்துக்குத் துறைமுகம் விசா, என் வேலை, அம்மாவின் வயது, எல்லாம் யோசித்து நாங்கள் போகவில்லை. படகிலிருந்து நெடுந்தூர ரேடியோ வழியாக இரண்டு வரி மின்னஞ்சல் வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, காற்று, என்ன சாப்பிட்டார். என் மனைவி பள்ளிக்கூட அட்லஸ் ஒன்றை விரித்து வைத்துப் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். இலங்கை, மாலத்தீவு, மொரீஷியஸ், ரீயூனியன். அக்டோபரில் ரீயூனியனை விட்டார். அங்கிருந்து தென்னாப்பிரிக்காவின் ரிச்சர்ட்ஸ் பே சுமார் 1,400 கடல் மைல். கடைசியில் அகுல்யாஸ் நீரோட்டத்தைக் குறுக்கே தாண்ட வேண்டும். நீரோட்டம் தெற்கே ஓடும்போது காற்றும் தெற்கிலிருந்து எதிர்த்து அடித்தால், அலை சுவர் மாதிரி செங்குத்தாக எழும். மூன்றாம் நாள் ஒரு புள்ளி வந்தது. அதற்கப்புறம் இல்லை.

பதினேழு நாள். காலை ரேடியோவில் நான் தினமும் அவர் படகின் பெயரைச் சொல்லி, யாருக்காவது தகவல் உண்டா என்று கேட்பேன். யாராவது ஒருத்தர், "இன்னும் இல்லை" என்பார். அம்மா ஊரிலிருந்து போனில், "தொரை கண்ணு நல்லாருக்கா?" என்று கேட்டார். நல்லா இருக்கும்மா என்றேன். பதினெட்டாம் நாள் ரிச்சர்ட்ஸ் பே துறைமுகத்திலிருந்து செய்தி வந்தது. ரேடியோவில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். மூன்றே வரி. கடைசி வரி: 'இரவில் நாற்பது கப்பல் எண்ணினேன், எல்லாவற்றின் நிறமும் தெரிந்தது, அம்மாவிடம் சொல்.' மனைவி அட்லஸை மூடி வைத்துவிட்டு இட்லிக்கு ஊறப் போட்டாள்.

அவர் 2013-ல் நெதர்லாந்து சேர்ந்து படகை விற்றுவிட்டார். 2019-ல் காலமானார். அவர் மகள் எழுதியிருந்தார். அந்தப் பித்தளைப் பூட்டு இப்போது அவர் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் தொங்குகிறதாம். சாவியை எப்படித் திருப்புவது என்று அந்தத் தெருவில் அவருக்கு மட்டும்தான் தெரியுமாம்.

நேரம் ஆகிறது என்று செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். மாணவர்களுக்கு ஒன்று சொல்லிவிட்டு இறங்குகிறேன். இதெல்லாம் வெள்ளைக்காரர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். நம் ராணுவப் பொறியாளர்கள் 1985-87-லேயே 'திரிஷ்ணா' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றினார்கள். கடற்படையின் திலீப் டோண்டே 2009-10-ல் தன்னந்தனியாகச் சுற்றினார். அபிலாஷ் டோமி 2012-13-ல் எங்கேயும் நிற்காமலே சுற்றினார். 2017-18-ல் 'தாரிணி' என்ற 56 அடிப் படகில் ஆறு பெண் அதிகாரிகள். அதே தாரிணியில் 2024 அக்டோபர் 2 அன்று கோவாவிலிருந்து இரண்டே பெண்கள் கிளம்பினார்கள். தில்னா கோழிக்கோட்டுக்காரர், ரூபா நம்ம புதுச்சேரிக்காரர். கேப் ஹார்ன் முனையைச் சுற்றி, 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடி, 2025 மே 29 அன்று திரும்பினார்கள். எட்டு மாதம். ஒருத்தர் தூங்கினால் ஒருத்தர் விழித்திருக்க வேண்டும். சாதனை பெரியதுதான். ஆனால் படகில் குடியிருந்தவன் என்ற முறையில் நான் வியப்பது வேறு. எட்டு மாதம் அந்த இடத்தில் இரண்டு பேரும் சிநேகிதமாகவே இருந்து, சிரித்துக்கொண்டே கரை இறங்கினார்களே, அது! இரண்டு பேர் பெயரையும் சேர்த்து 'தில்ரூ' என்றே மற்றவர்கள் கூப்பிட்டார்கள்.

பாய்மரப் படகு ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் வெளிநாடு போக வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911 முதல் இருக்கிறது. தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் சென்னையில்தான். இரண்டு ஒலிம்பிக்கில் பாய்மரப் போட்டிக்குப் போன நேத்ரா குமணன் சென்னைப் பெண். முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், கிணற்று நீச்சல் போதும், ஆரம்பத்துக்கு. கண்ணைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள், சிவப்பு பச்சை பிரித்துத் தெரிய வேண்டும். சந்தேகம் கேட்க வேண்டியவர்கள் சாயந்திரம் வரை கேன்டீன் பக்கம் வரலாம், நானும் என் மனைவியும் அங்கேதான் இருப்போம். சமையல் சந்தேகம் என்றால் அவளிடம், இன்ஜின் சந்தேகம் என்றால் என்னிடம்.